உங்கள் வீட்டருகே எரிவாயுக் குழாய் விரிவாக்கமா? அமெரிக்காவில் கருத்துச் சொல்வது பற்றிய கேள்வி-பதில்

அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டி ஓடும் எரிவாயுக் குழாய் ஒன்றைப் பெரிதாக்க ஒரு நிறுவனம் விண்ணப்பித்தால், அதையொட்டி நிலமோ வீடோ வைத்திருப்பவர்களுக்குத் தபாலில் ஒரு தடித்த உறை வரும். உள்ளே வரைபடம், பக்கம் பக்கமாகச் சட்ட வாசகம், நடுவில் எங்கோ ஒரு கடைசித் தேதி. விளம்பரம் என்று எண்ணி அதைத் தூக்கிப் போட்டுவிடுவது எளிது. பிரித்துப் பார்த்துவிட்டு "இப்போது நான் என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

விரிவாக்கம் என்றால் என் நிலத்தில் புதிதாகக் குழாய் போடப் போகிறார்களா?

அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஏற்கெனவே உள்ள பாதையில் அதிக வாயுவை அனுப்ப மூன்று வழிகள் உண்டு. பழைய குழாயின் பக்கத்திலேயே சில மைல் தூரத்துக்கு இணையாக இன்னொன்றைப் பதிப்பது முதல் வழி. இதை 'லூப்' என்பார்கள். பழைய குழாயை எடுத்துவிட்டுப் பருமனான ஒன்றைப் போடுவது இரண்டாவது. வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் நிலையங்களைப் புதிதாகக் கட்டுவதோ, இருப்பவற்றின் குதிரைத்திறனைக் கூட்டுவதோ மூன்றாவது. பெரும்பாலான திட்டங்கள் இவற்றின் கலவைதான்.

உங்களைத் தொடுவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். லூப் வருபவருக்கு மண்ணும் மரமும் கிணறும் கவலை. கம்ப்ரசர் நிலையத்துக்கு அரை மைலுக்குள் வீடு உள்ளவருக்குக் காற்றும் சத்தமும் கவலை. அதனால்தான் அந்த அரை மைல் சுற்றளவில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் கடிதம் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள்: சில ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் வேறொரு பெயரில் வேலை நடந்ததா? ஒரே பாதையின் விரிவாக்கத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் சிறியது என்று காட்ட முடியும். டென்னசி கேஸ் பைப்லைன் நிறுவனத்தின் ஒரே தடத்தில் அடுத்தடுத்து வந்த நான்கு திட்டங்களைத் தனித்தனியே ஆராய்ந்தது தவறு என்று 2014-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முடிவெடுப்பது யார்?

கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். எல்லோரும் ஃபெர்க் என்றே சொல்கிறார்கள், இங்கும் அப்படியே சொல்கிறேன். குடியரசுத் தலைவர் நியமித்து செனட் ஒப்புதல் தரும் ஐந்து ஆணையர்கள். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. 1938-ஆம் ஆண்டு இயற்கை எரிவாயுச் சட்டம்தான் அடிப்படை. திட்டம் பொதுமக்களின் வசதிக்கும் தேவைக்கும் உரியது என்று ஃபெர்க் சான்றிதழ் தந்தால்தான் வேலை தொடங்கலாம். ஒரே மாநிலத்துக்குள் ஓடும் குழாய் என்றால் அது பெரும்பாலும் மாநில ஆணையத்தின் வேலை. இங்கே சொல்லும் நடைமுறை அதற்குப் பொருந்தாது.

'சுற்றுச்சூழல் பாதிப்பு குறித்துக் கருத்துக் கேட்கிறோம்' என்ற வரிக்கு என்ன பொருள்?

1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், ஒரு பெரிய முடிவை எடுக்குமுன் அதன் விளைவுகளை ஆராய்ந்து எழுதிவைக்க வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்துகிறது. நேபா என்பது அதன் சுருக்கப் பெயர். பாதிப்பு குறைவாக இருக்கும் என்று தோன்றினால் சுருக்கமான மதிப்பீடு; கணிசமாக இருக்கும் என்றால் விரிவான அறிக்கை. 2023-இல் வந்த திருத்தம் மதிப்பீட்டுக்கு 75 பக்கம், ஓர் ஆண்டு என்றும், விரிவான அறிக்கைக்கு 150 பக்கம், இரண்டு ஆண்டு என்றும் வரம்பு கட்டிவிட்டது. மிகவும் சிக்கலானவற்றுக்கு மட்டும் 300 பக்கம் வரை.

இந்த வரம்பு உங்களுக்கு முக்கியம். பக்கம் குறைந்தால், எதை ஆராய்வது, எதை ஒரு வரியில் கடப்பது என்ற முடிவு தொடக்கத்திலேயே எடுக்கப்படும். அந்தத் தொடக்கக் கட்டத்தில்தான் உங்களிடம் கேட்கிறார்கள்.

எப்போது எழுத வேண்டும்?

ஆய்வின் எல்லையை வகுக்கும் கட்டத்தில் ஒரு முறை. வழக்கமாக 30 நாள் தருவார்கள். விரிவான அறிக்கை என்றால் அதன் வரைவு வெளிவரும்போது மீண்டும் ஒரு முறை. இடையில் நிறுவனம் முறையான விண்ணப்பம் தந்ததும் தனியாக ஓர் அறிவிப்பு வரும். அதற்கும் தனிக் கெடு. மூன்றையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கட்டத்தில் எழுதுவதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. பாதையைச் சில நூறு அடி நகர்த்துவது வரைபடத்தில் பென்சில் கோடாக இருக்கும்போது எளிது. குழாய் வாங்கி அடுக்கியபின் யாரும் நகர்த்த மாட்டார்கள்.

சிறிய விரிவாக்கங்களுக்கு வேறு வழி உண்டு. செலவு வரம்புக்கு உட்பட்ட வேலைகளை நிறுவனம் முன்னரே பெற்ற பொதுச் சான்றிதழின் கீழ், முன்னறிவிப்பு மட்டும் கொடுத்துச் செய்யலாம். அதில் 60 நாளுக்குள் யாரும் எதிர்ப்பு மனு தராவிட்டால் தானாகவே அனுமதி கிடைத்துவிடும். எதிர்ப்பு வந்து அது தீர்க்கப்படாமல் நின்றால், முழு விண்ணப்பமாகக் கருதி ஆராய வேண்டும். அமைதியாக இருப்பது இங்கே சம்மதமாகிவிடும், கவனம்.

எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இது வாக்கெடுப்பு இல்லை. ஆயிரம் பேர் ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினாலும், அதில் உள்ள வாதம் ஒன்றுதான். ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். ஆனால் ஒருவர் மட்டுமே அறிந்த ஒரு தகவலை அவர் எழுதிவிட்டால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் நிலத்தைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அந்த ஆணையத்தில் யாரும் இல்லை. நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருமுறை வந்து அளந்திருப்பார். அல்லது வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்திருப்பார். பனி உருகும் மாதத்தில் மட்டும் கொல்லையில் ஊறும் ஊற்று அந்தப் படத்தில் தெரியாது. வயலுக்கடியில் முந்தைய உரிமையாளர் பதித்த வடிகால் குழாய்கள் தெரியாது. பெருமழையில் சரிவு எந்தப் பக்கம் அரிக்கும் என்று தெரியாது. செப்டிக் தொட்டியின் வடிகால் பரப்பு எதுவரை போகிறது என்றும் தெரியாது.

"இந்தக் குழாய் எங்கள் தண்ணீரைக் கெடுக்கும், அனுமதிக்காதீர்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். அவருடைய அச்சம் உண்மையானது. ஆனாலும் கோப்பில் அது 'தண்ணீர் குறித்த கவலை' என்ற தலைப்புக்குள் கரைந்துவிடும். அவரே இப்படி எழுதினால்: "எங்கள் குடிநீர்க் கிணறு 110 அடி ஆழம். வரைபடத்தில் காட்டிய வேலைப் பரப்பின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய 120 அடி தள்ளி இருக்கிறது. விண்ணப்பத்தின் கிணற்றுப் பட்டியலில் அது இல்லை. பள்ளம் தோண்டுமுன்னும் பின்னும் நீரைச் சோதிக்க வேண்டும், நீர் ஊறுவது குறைந்தால் மாற்றுக் குடிநீர் தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கக் கோருகிறேன்." வேலைப் பரப்பிலிருந்து 150 அடிக்குள் உள்ள கிணறுகளையும் ஊற்றுகளையும் பட்டியலிட வேண்டியது நிறுவனத்தின் கடமை. ஆகவே இந்தக் கடிதம் விண்ணப்பத்தில் ஓர் ஓட்டையைக் காட்டிவிட்டது. அதை அடைக்காமல் ஆணையம் மேலே போவது கடினம்.

இடம், தூரம், மாதம், படம். கூடவே ஒரு கோரிக்கை. பாதையை மாற்றுங்கள் என்றால் எங்கே மாற்றுவது என்று கோடு போட்டுக் காட்டுங்கள். மாற்று வழியைச் சொல்லும் கடிதங்களை நேபாவின் கீழ் தனியாகவே கவனிப்பார்கள்.

கோபம் வந்தால் எழுதிவைத்துவிட்டு மறுநாள் படித்துப் பாருங்கள். கோபப்படுவது தவறில்லை. ஆனால் அது தகவலை மறைத்துவிடக் கூடாது.

கம்ப்ரசர் நிலையம் பக்கத்தில் வருகிறது. எதைக் கேட்க வேண்டும்?

முதலில் சத்தம். அருகிலுள்ள வீடு, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் இரவு பகல் சராசரி 55 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது ஃபெர்க்கின் வரம்பு. அந்தச் சராசரியில் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரையிலான சத்தத்துக்கு 10 டெசிபல் கூட்டிக் கணக்கிடுவார்கள். எனவே இடைவிடாமல் ஓடும் இயந்திரம் 48.6 டெசிபலுக்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் பலர் 55 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். உங்கள் வீட்டை அளவிடும் இடமாகச் சேர்த்தார்களா என்று பாருங்கள். இருக்கும் நிலையத்தை விரிவாக்குகிறார்கள் என்றால், பழைய இயந்திரமும் புதிய இயந்திரமும் முழு வேகத்தில் சேர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள். காதுக்குக் கேட்பதைவிட உடம்பால் உணரும் தாழ்ந்த அதிர்வும் உண்டு. விதி அதையும் பேசுகிறது, நீங்களும் எழுதலாம்.

அடுத்து காற்று. வாயுவை எரித்து ஓடும் டர்பைன்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கார்பன் மோனாக்சைடையும் ஃபார்மால்டிஹைடையும் வெளியிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அதை எழுதுங்கள். பெயரோ மருத்துவ விவரமோ வேண்டாம். மின்சார மோட்டாரால் இயங்கும் கம்ப்ரசரை மாற்று வழியாக ஆராயச் சொல்லலாம். அந்த இடத்தில் வெளியாகும் புகை அதனால் பெருமளவு குறையும்.

பராமரிப்பின்போது குழாயிலுள்ள வாயுவைத் திறந்து வெளியேற்றுவார்கள். அந்த நேரத்தில் எழும் இரைச்சல் முன்னறிவிப்பில்லாதவரைக் கதிகலங்க வைக்கும். எத்தனை நாள் முன்னதாகத் தகவல் தருவீர்கள் என்று கேட்டு அதை நிபந்தனையாக்கக் கோருங்கள்.

ஓடைக்கடியில் துளையிட்டுக் கொண்டுபோவதாகச் சொல்கிறார்கள். அதில் ஆபத்து உண்டா?

ஓடையை வெட்டிப் பள்ளம் தோண்டுவதைவிட அது பெரும்பாலும் நல்லது. ஆனால் துளையிடும்போது அழுத்தத்தில் செலுத்தும் களிமண் கரைசல், பாறைப் பிளவு வழியாக மேலே பீறிட்டு வரக்கூடும். 2017 ஏப்ரலில் ஒஹாயோவில் ரோவர் குழாய்த் திட்டத்தில் ஏறக்குறைய 20 லட்சம் காலன் கரைசல் ஒரு சதுப்பு நிலத்தில் கொட்டியது. புதிய இடங்களில் துளையிடுவதை ஃபெர்க் நிறுத்திவைத்தது. மண் சோதனை எத்தனை இடத்தில் செய்தார்கள், கசிந்தால் என்ன திட்டம், துளையிடல் தோற்றால் எந்த வழியில் கடப்பார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள்.

வெடித்தால்?

இந்த அச்சத்தைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 30 அங்குலக் குழாய் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. 1956-இல் போட்ட பகுதியில் இருந்த மோசமான பற்றவைப்புதான் காரணம். வாயுவை நிறுத்தவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

குழாய் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்ற பாதுகாப்பு விதிகள் போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள ஃபிம்சா என்ற அமைப்புடையவை. ஆனாலும் ஃபெர்க்கிடம் கேட்கலாம். வெடித்தால் எவ்வளவு தூரம் எரியும் என்பதற்கு அவ்விதிகளில் ஒரு கணக்கு உண்டு: அழுத்தத்தின் வர்க்கமூலத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, 0.69-ஆல் மீண்டும் பெருக்கினால் அடியில் விடை வரும். விட்டம் அங்குலத்தில், அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பவுண்டில். 30 அங்குலக் குழாய், 1,000 பவுண்டு அழுத்தம் என்றால் ஏறக்குறைய 655 அடி. உங்கள் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் அந்த வட்டத்துக்குள் வருகின்றனவா என்று நீங்களே அளந்து பார்க்கலாம்.

விரிவாக்கத்தில் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது பழைய குழாயை. 2022-இல் வந்த விதிப்படி, ஆறு அங்குலமும் அதற்கு மேலும் உள்ள புதிய குழாய்களிலும் மாற்றிப் போடும் குழாய்களிலும், உடைப்பு என்று கண்டறிந்த 30 நிமிடத்துக்குள் மூடும் வால்வுகள் வேண்டும். ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும் குழாயை அது தொடுவதில்லை. புதிய கம்ப்ரசரால் பழைய குழாயில் அழுத்தம் கூடுமா, அந்தப் பகுதி எந்த ஆண்டு பதித்தது, கடைசியாக எப்போது உள்ளே கருவி விட்டுச் சோதித்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

பருவநிலை மாற்றத்தைப் பற்றி எழுதினால் பயனுண்டா?

எழுதுங்கள், ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்து எழுதுங்கள். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 முதல் 30 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 2017-இல் ஃபுளோரிடா மின்நிலையங்களுக்கு வாயு கொண்டுபோகும் சேபல் டிரெயில் வழக்கில், அங்கே எரிக்கப்படும் வாயுவின் உமிழ்வையும் மதிப்பிட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் யூட்டா ரயில்பாதை வழக்கில் வேறு திசையில் போனது: திட்டத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் தனித் திட்டங்களின் விளைவுகளை அரசு அமைப்பு ஆராயத் தேவையில்லை, அதன் தீர்மானத்துக்கு நீதிமன்றங்கள் மதிப்பளிக்க வேண்டும் என்றது. எனவே திட்டத்தின் சொந்த உமிழ்வை, அதாவது கம்ப்ரசர் எரிப்பு, கசிவு, வெளியேற்றம் ஆகியவற்றை மையமாக வைத்து எழுதுவது இப்போது வலுவானது.

"இந்தத் திட்டமே தேவையில்லை" என்று வாதிடலாமா?

தாராளமாக. தேவை என்பதுதான் சான்றிதழின் அடித்தளம். வாயுவை வாங்கும் ஒப்பந்தங்களைத்தான் நிறுவனங்கள் தேவைக்குச் சான்றாகக் காட்டும். ஒப்பந்தம் போட்டவர் அதே குழுமத்தின் கிளை நிறுவனம்தானா என்று பாருங்கள். செயின்ட் லூயிஸ் பகுதியின் ஸ்பையர் குழாய் வழக்கில் அப்படிப்பட்ட ஒரே ஒப்பந்தத்தை நம்பியது போதாது என்று 2021-இல் சான்றிதழ் ரத்தானது.

டிரான்ஸ்கோ நிறுவனத்தின் ரீஜனல் எனர்ஜி ஆக்சஸ் விரிவாக்கத்தில், இப்போதுள்ள கொள்ளளவே போதும் என்று காட்டும் ஆய்வுகளை எதிர்த்தரப்பினர் கோப்பில் சேர்த்திருந்தார்கள். ஃபெர்க் அவற்றுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று 2024 ஜூலையில் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2025 ஜனவரியில் ஃபெர்க் மீண்டும் அனுமதி கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஆய்வுகள் கோப்பில் இல்லாதிருந்தால் நீதிமன்றத்தில் பேசவே ஒன்றும் இருந்திருக்காது.

கருத்துச் சொன்னால் போதுமா?

போதாது. பின்னால் மேல்முறையீடு செய்யும் எண்ணம் துளியாவது இருந்தால் போதவே போதாது. கருத்து எழுதியவர் வழக்கின் தரப்பினர் ஆவதில்லை. தரப்பினராவதற்குத் தலையீட்டு மனு என்று தனியாக ஒன்று உண்டு. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே ஓரிரு பத்தியில் எழுதலாம், கட்டணம் கிடையாது. நிலம் பாதிக்கப்படுகிறது என்று சொன்னாலே போதிய காரணம். கெடு விண்ணப்ப அறிவிப்பில் இருக்கும்.

தரப்பினராக இருப்பவர் மட்டுமே ஆணை வந்த 30 நாளுக்குள் மறுவிசாரணை கோரலாம். அதன் பிறகே நீதிமன்றம். மறுவிசாரணை மனுவை ஃபெர்க் பல மாதம் கிடப்பில் போட, அதற்குள் மரம் வெட்டி முடிந்துவிடும் நிலை இருந்தது. 2020-இல் அலெகெனி வழக்கின் தீர்ப்பு அந்தப் பழக்கத்தை முடித்துவைத்தது. 30 நாளில் முடிவு வராவிட்டால் மறுத்ததாகக் கொண்டு நீதிமன்றம் போகலாம்.

நான் குடியுரிமை பெற்றவரில்லை, வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். எழுதலாமா?

எழுதலாம். கருத்துச் சொல்ல நில உரிமையோ குடியுரிமையோ நிபந்தனை இல்லை. வீட்டுப் பெரியவர்கள் தமிழில் சொல்வதைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதி, அவர்கள் பெயரிலேயே அனுப்பலாம். தோட்டத்திலேயே பொழுதைக் கழிக்கும் பெரியவருக்குத்தான் எந்த மூலையில் நீர் தேங்கும் என்று தெரியும்.

எப்படி அனுப்புவது?

ஃபெர்க் இணையதளத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். அதில் 6,000 எழுத்துகள்தான். படம், வரைபடம் சேர்க்க வேண்டுமென்றால் கோப்பாகப் பதிவேற்றும் முறையைப் பயன்படுத்துங்கள். தபாலும் உண்டு. திட்டத்தின் கோப்பு எண்ணை மேலே எழுத மறந்தால் கடிதம் எந்தக் கோப்பிலும் சேராது. நீங்கள் எழுதுவது அனைத்தும் எல்லோரும் படிக்கும்படி இருக்கும், ஆகவே தொலைபேசி எண்ணை உள்ளே எழுதாதீர்கள். குழப்பமாக இருந்தால் பொதுமக்கள் பங்கேற்பு அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொல்லப்பட்ட அந்த அலுவலகம் 2021-இல்தான் உருவானது, உதவுவதற்காகவே இருக்கிறது.

நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள முடியுமா?

சான்றிதழ் கிடைத்துவிட்டால் முடியும். விலை படியாவிட்டால் நிறுவனம் நீதிமன்றம் போய், குழாய்க்குத் தேவையான பயன்பாட்டு உரிமையை இழப்பீட்டுடன் எடுத்துக்கொள்ளலாம். மாநில அரசின் நிலத்தைக்கூட அப்படி எடுக்கலாம் என்று 2021-இல் பென்ஈஸ்ட் குழாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போடுமுன் உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குழாயின் ஆழத்தைப் பேசுங்கள்: மக்கள் அடர்த்தி குறைந்த இடத்தில் சட்டப்படி 30 அங்குல மண் மூடினாலே போதும். உழும் நிலத்துக்கு அது குறைவு; 48 அங்குலம் கேளுங்கள்.

உண்மையாகச் சொல்லுங்கள், மக்கள் எழுதி எந்தத் திட்டமாவது நின்றிருக்கிறதா?

ஃபெர்க் ஒரு திட்டத்தை நிராகரிப்பது மிக அரிது. அதை மறைத்து நம்பிக்கையூட்ட எனக்கு மனமில்லை. திட்டங்கள் தடைபடுவது பெரும்பாலும் வேறு வாசலில். தூய நீர்ச் சட்டத்தின் 401-ஆம் பிரிவுப்படி மாநிலம் நீர்த்தரச் சான்று தர வேண்டும். கான்ஸ்டிடியூஷன் குழாய்க்கு நியூயார்க் 2016-இல் அதை மறுத்தது. 2020-இல் நிறுவனம் கைவிட்டது, 2025-இல் திரும்ப எடுக்க முயன்றது. உச்ச நீதிமன்றத்தில் வென்ற பென்ஈஸ்டும் நியூஜெர்சியின் அனுமதி கிடைக்காமல் அதே 2021 செப்டம்பரில் கைவிடப்பட்டது. ஆகவே ஃபெர்க்குக்கு எழுதிய கடிதத்தின் நகலை மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கும் அனுப்புங்கள்.

திட்டம் நிற்காவிட்டாலும் பாதை சற்று விலகும். மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துத் திரும்பப் போடச் சொல்வார்கள். இரவு வேலைக்குத் தடை வரும். கோப்பில் யாரோ எழுதியதால் வந்தவை அவை.

வேலை தொடங்கியபின் பிரச்சினை வந்தால்?

தொடங்குமுன்பே தயாராகுங்கள். கிணற்று நீரை உங்கள் செலவிலாவது ஒரு முறை சோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளச் சுவர், வேலி, மரங்கள், வடிகால் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். சான்றிதழின் நிபந்தனைப் பட்டியலை அச்சிட்டு வையுங்கள். புகார் செய்யும்போது எந்த எண் நிபந்தனை மீறப்பட்டது என்று குறிப்பிட்டால் பதில் விரைவாக வரும். முதலில் நிறுவனத்தின் புகார் எண், அங்கே தீராவிட்டால் ஃபெர்க்கின் நில உரிமையாளர் உதவித் தொலைபேசி. இரண்டுக்கும் அழைத்த தேதியையும் பேசியவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். புல் மீண்டும் முளைத்து இரண்டு பருவம் கடக்கும்வரை அந்த நோட்டைத் தூக்கி எறியாதீர்கள்.